வாரம் ஒரு முறை, வீட்டுக்கு நாலு வரி: பிள்ளை என்ன படித்தது என்று பெற்றோருக்குச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

“நல்லாப் படிக்குறானா சார்?”

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துத் தொடக்கப்பள்ளி வாசல்களில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான். “பரவால்லங்க, படிக்கிறான்” என்று பதிலும் தயாராக இருக்கும். கேட்டவருக்கும் நிம்மதி, சொன்னவருக்கும் நிம்மதி. ஆனால் பையன் கூட்டலில் இருக்கிறானா கழித்தலில் இருக்கிறானா, சொல்லைப் படிக்கிறானா எழுத்துக் கூட்டுகிறானா என்று எதுவும் வீடு போய்ச் சேரவில்லை. பருவம் முடிந்து மதிப்பெண் அட்டை வரும்போதுதான் தெரியும். அதற்குள் மூன்று மாதம் ஓடியிருக்கும்.

சட்டம் இதை ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவில் ஆசிரியர் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. “அதுக்குத்தான் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் இருக்கே” என்று சிலர் சொல்வார்கள். குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசப்படுவது கழிவறைக் கதவு, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை என்பது அங்கே பேச்சுக்கு வராது, வரவும் கூடாது.

இந்த வழிகாட்டி 1 முதல் 5 வரை பாடம் எடுக்கும் ஆசிரியருக்கானது. அதிலும் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. பதிவேடு, செயலி, காலை உணவு, மதிய உணவு என்று அவர்கள் தலையில் ஏற்கெனவே இருப்பது போதும். அதனால் வாரத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கேட்கும் எந்த வழியையும் இங்கே சொல்லவில்லை. வெள்ளி சாயந்தரம் உட்கார்ந்தால் முடிந்துவிட வேண்டும்.

தகவல் சேர்ந்ததா என்பதற்கு ஒரே ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். ராத்திரி சாப்பிடும் நேரத்தில், வீட்டில் யாராவது ஒருவர் பிள்ளையிடம் பாடத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்களா? கேட்டார்கள் என்றால் சேர்ந்தது. வாட்ஸ்அப்பில் எத்தனை நீல டிக் விழுந்தது என்பது கணக்கில்லை.

படி 1: சாயந்தரம் வீட்டில் இருப்பது யார்?

வேலை ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்தில் தொடங்குகிறது. சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பது அப்பா பேர், அம்மா பேர், ஒரு போன் நம்பர். அந்த நம்பர் பல வீடுகளில் காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடும். பிள்ளையோடு ராத்திரி வரை இருப்பவர் வேறு ஆளாக இருப்பார்.

இந்த இரண்டு மாவட்டத்தில் இது ஊருக்கு ஊர் மாறும். ஓசூர் சிப்காட்டைச் சுற்றி அப்பா அம்மா இருவருமே கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள். இந்த வாரம் பகல் ஷிஃப்ட் என்றால் அடுத்த வாரம் ராத்திரி. பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளி பறிக்கிற நாளில் விடியும் முன்னே வீடு காலி. அரூர், ஊத்தங்கரை பக்கத்தில் பெற்றோர் திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்க, பிள்ளை ஆயா தாத்தாவோடு. தளி பக்கம் பசுமைக் குடிலில் ரோஜா பறிக்கப் போகிறவர்களை பிப்ரவரி முதல் இரண்டு வாரம் பிடிக்கவே முடியாது. காதலர் தினத்துக்குப் பூ ஏற்றுமதியாக வேண்டும். மாங்காய்க் காலம் ஜூன், ஜூலையிலும் நீள்வதால் தோப்புக் குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறப்பே அறுவடையோடு மோதும்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. சாயந்தரம் யார் இருப்பார், அவருக்கு என்ன போன் (பட்டன் போனா டச் போனா), அவர் எந்த மொழி பேசுவார், தமிழ் படிப்பாரா, எத்தனை மணிக்குப் பேசினால் கிடைப்பார். படிவம் அச்சடித்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். படிக்கத் தெரியாதவர் வீட்டிலிருந்து அது திரும்பி வராது, யார் வீட்டு விவரம் நமக்கு ரொம்ப அவசியமோ அவர்களே விட்டுப் போவார்கள். பிள்ளையிடமே கேட்கலாம். “சாயந்தரம் போனா யாரு கண்ணு இருப்பாங்க? ராத்திரி யாரு பக்கத்துல படுப்ப?” இரண்டாவது கேள்விக்குத்தான் சரியான ஆள் வெளியே வருவார். காலை உணவு நேரத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெரியவர்களிடம் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் மீதி விவரமும் கிடைத்துவிடும்.

அந்த நோட்டில் கடைசியாக ஒரு கட்டம், உங்களுக்கு மட்டும் புரியும் ஒரு குறியோடு. இந்த வீட்டில் குறை சொன்னால் பிள்ளைக்கு அடி விழுமா? விழும் என்று தெரிந்தால் அந்த வீட்டுக்குச் சொல்லும் முறை வேறு. படி 7-இல் வருகிறேன்.

படி 2: எதைச் சொல்வது, எதை விடுவது

ஒரு வாரத்தில் ஏழெட்டு விஷயம் நடத்தியிருப்போம். வீட்டுக்குப் போக வேண்டியது தமிழில் ஒன்று, கணக்கில் ஒன்று. ஆங்கிலமோ சூழ்நிலையியலோ முறை வைத்து எப்போதாவது வரட்டும். எல்லாவற்றையும் எழுதினால் அது பாடத்திட்ட நகல்; மேலதிகாரிக்கு வேண்டுமானால் ஆகும், தக்காளி பறித்துவிட்டு வந்தவருக்கு ஆகாது.

அடுத்தது சொல். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஏறுவரிசையில் நிலைகள் இருக்கின்றன. நமக்கு அது வேலைக்கான அடையாளம். “உங்க பையன் அரும்புல இருக்கான்” என்று வீட்டுக்குச் சொன்னால் ஒன்று அவர்களுக்குப் புரியாது, இல்லையென்றால் தப்பாகப் புரியும். பக்கத்து வீட்டுப் பெண் மலர் என்று தெரிந்ததும் அது மார்க் மாதிரி ஆகிவிடும். வளரறி மதிப்பீடு, கற்றல் விளைவு போன்ற துறைச் சொற்களும் அப்படியே. பிள்ளை என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். “ரெண்டு எழுத்துச் சொல்லு படிக்குது, மூணு எழுத்து வந்தா நிக்குது.” இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

பெற்றோர் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் வகுப்புப் பிள்ளை அ, ஆ, இ, ஈ என்று கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லும். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், எழுத்து வந்துவிட்டது என்று. நடுவிலிருந்து ஊ-வை மட்டும் காட்டி இது என்ன என்றால் பிள்ளை மறுபடி அ-விலிருந்து பாடிக்கொண்டு வரும். வாய்ப்பாடும் அதே கதைதான். ஒப்பிப்பது வேறு, அடையாளம் தெரிவது வேறு என்பதை வருடத்தின் முதல் சில வாரத் தகவலிலேயே போட்டுவிடுங்கள். “வரிசையா சொல்றது வந்துருச்சு. இனிமே நடுவுல இருந்து காட்டிக் கேளுங்க.” இந்த ஒரு வரியால் வரும் பலன் பெரியது.

இன்னொரு இடம், நாம் சொல்லித்தரும் முறையும் அவர்கள் படித்த முறையும் மோதுவது. 27-ஐயும் 15-ஐயும் கூட்ட, பள்ளியில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஏழும் ஐந்தும் சேர்ந்த பன்னிரண்டில் பத்தை ஒரு கட்டாக்கி, நாலு கட்டு ரெண்டு உதிரி என்று காட்டுகிறோம். வீட்டில் அப்பா “கையில ஒண்ணு வச்சுக்கோ” என்பார். பிள்ளை முழிக்கும். “என்னத்த சொல்லித் தராங்க ஸ்கூல்ல” என்று பேச்சு வரும். முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்: “நாங்க இப்ப குச்சிக் கட்டு வச்சு கூட்டுறோம். நீங்க சொல்ற ‘கையில ஒண்ணு’ அந்த ஒரு கட்டுதான். முதல்ல குச்சில காட்டட்டும், அப்புறம் உங்க வழியிலயும் போடட்டும்.” அவர் முறையைத் தப்பென்று சொல்லாமல் இரண்டையும் சேர்த்துவிட்டோம். கடன் வாங்கிக் கழித்தல் வரும் வாரத்திலும் இதே மாதிரி ஒரு வரி தேவைப்படும்.

படி 3: நாலு வரியை எழுதுவது

என்ன நடக்கிறது (தமிழ்), என்ன நடக்கிறது (கணக்கு), வீட்டில் என்ன கேட்கலாம், திங்கட்கிழமை என்ன கொண்டு வரணும். அவ்வளவுதான். பேச்சு நடையில், ஊரில் பேசுகிற மாதிரி. சுற்றறிக்கைத் தமிழில் “இதன்மூலம் தெரிவிக்கப்படுவது என்னவென்றால்” என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே ஆள் போய்விடுவார்.

இரண்டாம் வகுப்புக்கு ஒரு மாதிரி:

“வணக்கம். ரெண்டாம் வகுப்புல இந்த வாரம்.
தமிழ்ல கொம்பு வர்ற எழுத்து படிக்கிறோம். கொடி, கோழி, கெண்டை, கேணி.
கணக்குல பத்துப் பத்தா கட்டி எண்றோம். 34-ன்னா மூணு கட்டு, நாலு உதிரி.
வீட்ல கேளுங்க: ‘கோழின்னு தரையில எழுது. எது கொம்பு, எது காலுன்னு காட்டு.’
திங்கட்கிழமை ஆளுக்குப் பத்து ஈர்க்குச்சி கொண்டு வரட்டும்.”

மூன்றாவது வரியில்தான் உயிர் இருக்கிறது. அதை எழுத ஒரு விதி உண்டு: கேட்பவருக்கு விடை தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. “12-ஐ 4-ஆல் வகுத்தால் எத்தனை?” என்று போட்டால் எழுத்தறியாத ஆயா ஒதுங்கிக்கொள்வார். “பன்னெண்டு கடலைய நாலு பேருக்கு சமமா பங்கு வைக்கச் சொல்லுங்க” என்று போட்டால் யாரும் கேட்கலாம். தப்பாகப் பங்கு வைத்தால் அங்கேயே தெரியும். குறைச்சலாக வந்தவர் சும்மா இருக்க மாட்டார்.

வீட்டில் ஏற்கெனவே நடப்பதோடு கேள்வியை ஒட்டவிடுங்கள். அளவைப் பாடம் நடக்கும் வாரத்தில் பூக்கட்டுகிற வீடு நிறைந்த ஊரில், “ஆயா கை முழமும் உன் கை முழமும் ஒண்ணா? ஒரே நூலை ரெண்டு பேரும் அளந்து பாருங்க.” ஐந்தாம் வகுப்புப் பின்னத்துக்கு, “முக்கால் கிலோ தக்காளிக்கு கால் கிலோ கல்லை எத்தன தடவ வைக்கணும்?” பெருக்கலுக்கு, “ஒரு வரிசைக்கு ஆறு பெட்டி, அஞ்சு வரிசை அடுக்குனா எத்தன பெட்டி?” மண்டிக்குப் பெட்டி ஏற்றும் வீட்டில் இந்தக் கேள்விக்கு அப்பாவே சிரித்துக்கொண்டு உட்காருவார்.

இது வீட்டுப்பாடம் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். 1, 2-ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வாங்கிக்கொண்டு வா என்று இதையும் மாற்றிவிட்டால், பேச்சாக இருக்க வேண்டியது இன்னொரு சுமையாகும்.

ஈராசிரியர் பள்ளியில் 1, 2, 3 ஒன்றாக உட்காரும். மூன்று வகுப்புக்கும் மூன்று தகவல் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வாரமே கை ஓய்ந்துவிடும். ஒரே தகவல் போதும், கேள்வி மட்டும் மூன்று. “ஒண்ணாம் வகுப்புன்னா இருபது வரைக்கும் கல்லு எண்ணட்டும். ரெண்டுன்னா பத்துப் பத்தா பிரிக்கட்டும். மூணுன்னா ரெண்டு குவியலக் கூட்டிச் சொல்லட்டும்.” ஒரே வீட்டில் அண்ணன் தங்கை இருந்தால் ஒரே கல் குவியலில் இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள்.

படி 4: அனுப்பும் வழி

என் கணிப்பில் குரல் பதிவுதான் முதல் இடம். முக்கால் நிமிடத்துக்குள், உங்கள் குரலில். படிக்கத் தெரியாதவரும் கேட்பார், சமைத்துக்கொண்டே கேட்கலாம், பிள்ளையும் பக்கத்தில் வந்து நிற்கும். டீச்சர் குரல் வீட்டில் கேட்பது அதற்கு ஒரு அதிசயம். எழுத்து வடிவத்தையும் கூடவே போடுங்கள், தேடி எடுக்க உதவும். சுவரொட்டி மாதிரி வண்ண வண்ணமாக வடிவமைத்த படம் தேவையே இல்லை. அதைச் செய்கிற நேரத்தில் இரண்டு வீட்டுக்குப் பேசிவிடலாம்.

குழுவா, பிராட்காஸ்ட் லிஸ்ட்டா என்று ஒரு குழப்பம் வரும். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் எல்லா அம்மாக்களின் நம்பரும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கிராமத்தில் இது சின்ன விஷயமில்லை. தேவையில்லாத போன் வந்து வீட்டில் சண்டையான கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், ஒருவர் நம்பர் மற்றவருக்குத் தெரியாது, 256 பேர் வரை சேர்க்கலாம். ஒரே நிபந்தனை, அவர்கள் போனில் உங்கள் நம்பர் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் செய்தி போகாது. ஜூன் மாதம் முதல் கூட்டத்தில் அங்கேயே போனை எடுக்கச் சொல்லி, “ரெண்டாம் வகுப்பு டீச்சர்” என்று சேமிக்க வைத்துவிடுங்கள். குழுதான் வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னால், அட்மின் மட்டும் செய்தி போடும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் காலை வணக்கப் பூவும் கட்சி வீடியோவும் நடுவே உங்கள் நாலு வரி காணாமல் போகும்.

சொந்த நம்பரைக் கொடுக்கத் தயங்கும் ஆசிரியைகள் பலர், அந்தத் தயக்கம் நியாயமானது. பள்ளிக்கென்று ஒரு சிம் எடுத்து, பழைய போனில் போட்டு, முகப்புப் படமாகப் பள்ளிக் கட்டிடத்தை வையுங்கள். எத்தனை மணி வரை பேசலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாள், வெள்ளிக்கிழமை. நேரம், சாயந்தரம் ஏழிலிருந்து எட்டரைக்குள். போன் வீட்டுக்கு வந்திருக்கும், ஆள் தூங்கியிருக்க மாட்டார். உங்கள் ஊர் வாரச்சந்தை வெள்ளிக்கிழமை என்றால் வியாழனுக்கு மாற்றுங்கள். சந்தை நாளில் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். எந்த நாளானாலும் அதே நாள், அதே நேரம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தால் அதை எதிர்பார்க்கும் பழக்கம் வீட்டில் உண்டாகாது.

போனே இல்லாத வீட்டுக்கும் பட்டன் போன் வீட்டுக்கும் பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை. அதே நாலு வரி, பெரிய எழுத்தில். காலையில் பிள்ளையை விட வருகிறவர், ரேஷன் கடைக்குப் போகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர் எல்லார் கண்ணிலும் படும். கூட வருகிறவர் ஒருவர் சத்தமாகப் படித்தால் நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

பிள்ளைகளின் படம் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். வகுப்பில் எடுத்த படத்தை அனுப்பினால் பெற்றோருக்குப் பிடிக்கும், அது எங்கெங்கோ பரவவும் செய்யும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. முகம் தெரியாமல் கையும் குச்சிக் கட்டும் நோட்டும் தெரிகிற மாதிரி எடுங்கள், போதும்.

படி 5: பிள்ளையே தூது

மேலே சொன்ன எந்த வழியும் சிலருக்காவது சேராது. நெட் பேக் தீர்ந்திருக்கும், போன் அப்பாவோடு லாரியில் போயிருக்கும். தினமும் தவறாமல் வீட்டுக்குப் போகிறது பிள்ளை மட்டும்தான். வெள்ளிக்கிழமை கடைசிப் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

“இன்னைக்கு வீட்ல போய் என்ன சொல்லப் போற?” என்று கேளுங்கள். முதலில் “படிச்சோம்”, “எழுதுனோம்” என்றுதான் வரும். “என்ன படிச்ச?” “தமிழ்.” “தமிழ்ல என்ன?” இப்படித் தோண்டித் தோண்டி ஒரு முழு வாக்கியத்துக்குக் கொண்டு வாருங்கள்: “நான் கொம்பு எழுத்துல அஞ்சு சொல்லு எழுதுவேன்.” ஜோடி ஜோடியாக உட்கார வைத்து ஒருவர் அம்மாவாகவும் ஒருவர் பிள்ளையாகவும் பேசச் சொல்லலாம். அம்மா வேஷம் போடும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். “சாப்டியா, எவன் கூட சண்ட போட்ட” என்பதற்கு மேல் போகவில்லை என்றால், அந்த வீட்டில் பாடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்று அர்த்தம். யார் வீட்டுக்கு இந்த வாரம் போன் போட வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஒன்றாம் வகுப்புக்கு வாக்கியம் வராது, பொருள் கொடுத்தனுப்புங்கள். அன்று படித்த எழுத்தைச் சாக்பீஸால் எழுதிய ஒரு கல், கட்டிய பத்துக் குச்சி. “என்னடா இது?” என்று வீட்டில் யாராவது கேட்டே தீர வேண்டும்.

படி 6: தமிழ் படிக்காத வீடு, சிக்னல் இல்லாத ஊர்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டு மொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் வீடுகள் நிறைய. சித்தேரி, சிட்லிங்கி மலைக் கிராமங்களில் வேறு வழக்கு. பிள்ளை பள்ளியில் தமிழ் படிக்கிறது, வீட்டில் கேட்பவருக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. இங்கே எழுத்துச் செய்தி வீண். மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவையோ அங்கன்வாடிப் பணியாளரையோ கேட்டு, அதே நாலு வரியை அவர்கள் மொழியில் குரல் பதிவாக வாங்கிக்கொள்ளுங்கள். கேள்வியும் அந்த மொழியிலேயே இருக்கட்டும். பிள்ளை பதிலை எந்த மொழியில் சொன்னாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். ஒன்றில் மட்டும் கவனம், தனிப்பட்ட பிள்ளையைப் பற்றிய விஷயத்தை இன்னொருவர் வாய் வழியாக அனுப்பாதீர்கள்.

அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்து மலையோர ஊர்களில் போன் எடுக்கும் இடம் ஊரில் ஏதாவது ஒரு மேடாகத்தான் இருக்கும். அங்கே கரும்பலகையும் பிள்ளையும் போதும், வாட்ஸ்அப்பை மறந்துவிடுங்கள்.

படி 7: தனியாகச் சொல்ல வேண்டியது

ஒரு பிள்ளையின் குறை பொதுத் தகவலில் வரவே கூடாது. பெயர் போடாமல் “சில பிள்ளைகள் படிப்பதே இல்லை” என்றாலும் யார் என்று ஊருக்குத் தெரியும். உதவித்தொகைப் பட்டியல், சாதிச் சான்று கேட்பது, இவையும் பொதுவில் வேண்டாம்.

வாரத்துக்கு ஐந்து வீடு என்று முறை வைத்துப் பேசுங்கள். இருபத்தைந்து பிள்ளை என்றால் ஐந்து வாரத்தில் ஒரு சுற்று. நன்றாகப் படிக்கும் பிள்ளை வீட்டுக்கும் முறை வர வேண்டும். இல்லையென்றால் டீச்சர் போன் என்றாலே ஏதோ வில்லங்கம் என்றாகிவிடும். பேச்சு இப்படிப் போகலாம்:

“ஆயா, பள்ளிக்கூடத்து டீச்சர் பேசறேன். பயப்படாதீங்க, புள்ள நல்லாத்தான் இருக்குது.”

“சொல்லு கண்ணு.”

“இந்த வாரம் அம்பது வரைக்கும் தப்பில்லாம எண்ணிக் காட்டுச்சு. எழுதறப்பதான் பன்னெண்டையும் இருவத்தொண்ணையும் மாத்திப் போடுது.”

“எனக்கு எழுத்து தெரியாதே.”

“அது பரவால்லங்க ஆயா. ரெண்டு நம்பரையும் எழுதச் சொல்லுங்க. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் எத்தன கல்லுன்னு எடுத்து வைக்கச் சொல்லுங்க. கல்லு எண்ண உங்களுக்குத் தெரியும்ல.”

முதல் வரியில் பயத்தை எடுத்தாயிற்று. அப்புறம் வந்தது ஒன்று, வராதது ஒன்று, செய்யக் கூடியது ஒன்று. மூன்று நிமிடம் போதும். வராதது இரண்டு மூன்று இருந்தாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

அடி விழும் என்று நோட்டில் குறித்த வீடு? அங்கே வராததைச் சொல்லவே வேண்டாம். வந்ததைச் சொல்லுங்கள், செய்யக் கூடியதைச் சொல்லுங்கள். பாக்கியைப் பள்ளியிலேயே பார்த்துக்கொள்வோம். குடித்துவிட்டு வரும் நேரத்தில் அப்பா போனுக்குப் பேசாமல், காலையில் அம்மாவை வாசலில் பாருங்கள்.

வருகை விஷயத்தையும் குற்றச்சாட்டாக்க வேண்டியதில்லை. பொங்கல் முடிந்து ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கும், மாரியம்மன் பண்டிகை வரும், பிள்ளைகள் இரண்டு நாள் வராது. “மூணு நாள் வரல” என்பதை விட, “வராத மூணு நாள்ல கழித்தல் ஆரம்பிச்சுட்டோம், திங்கட்கிழமை சீக்கிரம் அனுப்புங்க, நான் உக்காந்து சொல்லித் தரேன்” என்றால் பிள்ளை சீக்கிரம் வரும்.

படி 8: பதில் வந்தால்

வரும். “பக்கத்து இங்கிலீஷ் மீடியத்துல எல்கேஜியிலயே டேபிள்ஸ் சொல்றாங்களே?” என்பது கட்டாயம் வரும். வாதாட வேண்டாம். “நம்ம புள்ளய ஆறு மூணு பதினெட்டுன்னா என்னன்னு கல்லு வச்சுக் காட்டச் சொல்லிப் பாருங்க” என்று திருப்பிவிடுங்கள். கட்டிடம், கழிவறை பற்றிய புகாரை மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். பதில் சொல்லத் தெரியாத கேள்விக்கு, திங்கட்கிழமை நேரில் பேசுவோம் என்றால் போதும்.

திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கும் அப்பா அம்மாவிடமிருந்து பதில் வருவது தனி ரகம். வீட்டில் இருப்பவரை விட அவர்கள் அந்தக் குரல் பதிவை அதிகம் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் “சாப்டியா” என்பதற்கு அப்புறம் பேச அவர்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. நோட்டில் ஆயா நம்பரோடு அவர்கள் நம்பரையும் எழுதி, இருவருக்குமே அனுப்புங்கள்.

படி 9: திங்கட்கிழமைச் சோதனை

திங்கள் காலை வருகைப் பதிவு முடிந்ததும் ஒரு கேள்வி: “வீட்ல யாராச்சும் கேட்டாங்களா? கேட்டவங்க கை தூக்குங்க.” யாரும் பொய் சொல்லத் தேவையில்லாத தொனியில் கேளுங்கள், கேட்காத வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகக் கூடாது. எத்தனை கை என்று நோட்டில் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து கை தூக்காத பிள்ளையின் வீட்டுக்கு வழியை மாற்றுங்கள்: நம்பர் மாறியிருக்கும், நேரம் ஒத்து வராது, அல்லது ஆளே மாறியிருப்பார். மொத்தமாகவே கை குறைந்த வாரம் என்றால் குறை நம் கேள்வியில் இருக்கும். கொஞ்ச நாளில் எந்த மாதிரிக் கேள்வி வீட்டுக்குள் போகிறது என்று உங்களுக்கே பிடிபடும். சாப்பாடு, காசு, அளவு, ஊர்ப் பெயர் சம்பந்தப்பட்டவை போகும். “பாடலைப் பாடிக் காட்டு” என்பது இரண்டு வாரத்தில் அலுத்துவிடும்.

பருவத் தேர்வு வாரத்திலும் விடுமுறையிலும் நாலு வரி வேண்டாம். செப்டம்பர் கடைசி, டிசம்பர் கடைசி, ஏப்ரல் என்று மூன்று இடத்தில் மட்டும், வந்தது என்ன, அடுத்து என்ன என்று கொஞ்சம் நீளமான குரல் பதிவு ஒன்று போதும்.

பணிமாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போகிறீர்கள் என்றால், அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அடுத்து வருகிறவரிடம் கையில் கொடுத்து, குறி போட்ட கடைசிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் வாயால் சொல்லிவிடுங்கள்; எழுதி வைக்க வேண்டாம். சிம்மையும் அவரிடமே கொடுத்துவிட்டால் பெற்றோர் யாரும் நம்பர் மாற்ற வேண்டியதில்லை.